பாமினியில் அடித்த பாடநூலை ஸ்கிரீன் ரீடர் வாசிக்க வைப்பது: ஒரு நிகழ்வு ஆய்வு

கல்லூரித் தமிழ்ப் பாடநூல் ஒன்று பிடிஎஃப் கோப்பாக வருகிறது. திரையில் பார்ப்பவருக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை. பார்வையற்ற மாணவர் அதையே என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரில் (திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் மென்பொருளில்) திறந்தால் முதல் இயலில் ஆங்கில எழுத்துகளின் உளறல், நடு இயல்களில் கொம்பும் காலும் இடம் மாறிய தமிழ், பின்னிணைப்புக்கு வந்ததும் ஒரு சத்தமும் இல்லை. ஒரே கோப்புக்குள் மூன்று நோய்.

தமிழ் நூல்களில் இது அபூர்வம் இல்லை. முதற்பதிப்பு பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது. மறுபதிப்பில் சேர்த்த இயல்கள் இன்றைய பொதுக் குறியீட்டு முறையான யூனிக்கோடு. பழைய நூலிலிருந்து எடுத்துப் போட்ட பகுதி ஸ்கேன். இலங்கைப் பதிப்புகளிலும் பாமினி இப்படித்தான் நெடுங்காலம் புழங்கியது. இந்த வகைக் கோப்பைச் சரியான ஈபப் மின்னூலாக மாற்றும்போது எங்கே என்ன உடைகிறது, ஏன் உடைகிறது என்பதே இங்கே பேச்சு. காதால் கேட்டுக் கேட்டுத் திருத்துவதைவிட, நன்னூல் படித்தவர் அறிந்த எழுத்து விதிகளைத் தேடல் கட்டளைகளாக எழுதி ஓடவிடுவது பல மடங்கு விரைவு. பாதிப் பிழைகளைக் காது பிடிக்கவே பிடிக்காது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

முதலில் எது எந்த நோய் என்று பார்த்தல்

முன்பகுதி, நடு, கடைசி என்று மூன்று இடங்களில் ஒவ்வொரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்ட வேண்டும். வேர்டில் ஒட்டக் கூடாது. எழுத்துருவும் கூடவே வந்துவிடுவதால் அங்கே பாமினி அழகான தமிழாகவே தெரியும், நோயும் மறைந்துகொள்ளும்.

நோட்பேடில் ஆங்கில எழுத்துகள் வந்தால் பழைய எழுத்துரு. தமிழ் வந்து, சில சொற்கள் ஒற்றைக்கொம்பிலோ இரட்டைக்கொம்பிலோ தொடங்கினால் காட்சி வரிசை யூனிக்கோடு, அதாவது எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்பட்டவை. எதையும் தேர்ந்தெடுக்கவே முடியாவிட்டால் படம்.

பாமினி உண்மையில் என்ன செய்கிறது என்று கிட்டப் போய்ப் பார்க்கலாம். 'தமிழ்' என்ற சொல் கோப்பில் கிடப்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளாக. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் போர்த்திவிட்டிருக்கிறது, அவ்வளவே. இதைவிடக் கொடுமை 'இ'. பாமினியில் அது ஆங்கிலக் காற்புள்ளி. 'இந்தியா' என்ற சொல் காற்புள்ளியில் தொடங்குகிறது. ஸ்கிரீன் ரீடர் அதை ஒரு சிறு இடைநிறுத்தமாக எடுத்துக்கொண்டு மிச்சத்தை உளறுகிறது. பயிற்சியால் பழகிக்கொள்ளக்கூடிய உளறலும் அல்ல இது.

பாமினி இயல்களை மாற்றுதல்

பழைய எழுத்துருப் பக்கங்களைப் படமாக்கி, படத்திலிருந்து எழுத்தை அடையாளம் காணும் ஓசிஆருக்குக் கொடுப்பவர்கள் உண்டு. வேண்டாம். எழுத்துகள் ஏற்கெனவே கோப்பில் பிழையின்றி இருக்கின்றன. மாற்ற வேண்டியது குறியீட்டை மட்டும். ஓசிஆர் போட்டால் இல்லாத பிழைகளை நாமே விதைத்ததாகும்.

மாற்றிகள் நிறைய. பைத்தான் நிரல்மொழியில் ஓப்பன் தமிழ் நிரலகத்திலேயே பாமினிக்கான செயற்கூறு இருக்கிறது. எதை எடுத்தாலும் மூன்று இடங்களில் இடறும்.

முதல் இடறல் ஆங்கிலச் சொற்கள். கோப்பிலிருந்து வெறும் எழுத்தை மட்டும் உருவினால் எது பாமினி, எது டைம்ஸ் நியூ ரோமன் என்ற தகவல் போய்விடும். அப்போது மாற்றி எல்லாவற்றையும் தமிழாக்கும். ஆங்கிலத்தில் 'தி' என்று இருந்த இடத்தில் 'வாந' என்று ஒரு சொல் முளைக்கும், 'அண்ட்' இருந்த இடத்தில் 'யனெ'. நூற்பட்டியல் பக்கம் முழுக்க இப்படி நாசமாகும். ஆகவே எழுத்துருத் தகவலோடுதான் உருவ வேண்டும். பைமியூபிடிஎஃப் நிரலகம் ஒவ்வொரு துண்டுக்கும் எழுத்துருப் பெயரைத் தரும். பாமினி என்று பெயர் உள்ள துண்டை மட்டும் மாற்றியிடம் அனுப்பலாம். வேர்டு மூலக் கோப்பு கிடைத்தால் எழுத்துருவை வைத்தே தேடி மாற்றலாம். பதிப்பகத்திடம் மூலக் கோப்பு கேட்டு ஒரு கடிதம் எழுதுவது எந்த நிரலையும்விட நல்ல முதலீடு.

இரண்டாவது, ரகரம். தட்டச்சுப் பழக்கத்தில் வந்தவர்கள் 'ர்' என்பதற்குத் துணைக்காலின் மேல் புள்ளி வைத்து அடிப்பார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. மாற்றி அதை அப்படியே யூனிக்கோடாக்கினால் 'அவர் வந்தார்' என்பது 'அவா் வந்தாா்' ஆகும். திரையில் இப்போதும் ஏறக்குறையச் சரியாகவே தெரியும். குரலோ 'அவா' என்று நிறுத்திவிடும். ஆசைதான் மிஞ்சும், ஆள் வரமாட்டார். திருத்தம் எளிது: துணைக்காலை அடுத்துப் புள்ளியோ, இகர விசிறியோ, ஈகார விசிறியோ வந்தால் அந்தக் கால் உண்மையில் 'ர'. தமிழில் ஓர் உயிர்க்குறியை அடுத்து இன்னொரு குறி வரவே முடியாது என்பதால் இந்த மாற்றத்தைக் கண்ணை மூடிக்கொண்டு முழுக் கோப்பிலும் ஓட்டலாம்.

மூன்றாவது, ஔகாரம். பழைய எழுத்துருக்களில் ஔகாரக் குறியின் வலப்பாதியும் 'ள' என்ற எழுத்தும் ஒன்றே. கொம்பு, மெய், ள என்று பார்த்ததும் மாற்றி அவசரப்பட்டு ஔகாரமாக்குகிறது. 'தெளிவு' 'தௌிவு' ஆவதும், 'வெளியே' 'வௌியே' ஆவதும் இப்படித்தான். இணையத்தில் கிடக்கும் பழைய தமிழ்ப் பனுவல்களில் இந்த 'வௌியே' எத்தனையோ இடங்களில் திருத்தப்படாமல் கிடக்கிறது. ஔகாரக் குறியை அடுத்து வேறு உயிர்க்குறியோ புள்ளியோ நின்றால், ஔகாரத்தைப் பிரித்து எகரமும் ளகரமுமாக எழுதச் சொல்லும் ஒரு கட்டளை போதும். எதிர்த்திசைப் பிழை இதைவிடப் பிடிவாதமானது: ஒகரத்தையும் ளகரத்தையும் தனித்தனியே அடித்த 'ஒளவையார்', அதே வகையில் 'கெளரவம்'. இவற்றுக்கு விதி கிடையாது. சொற்பட்டியல் வைத்துத்தான் மாற்ற வேண்டும். பட்டியல் சிறியது என்பது ஆறுதல்.

கொம்பு முன்னால் நிற்கும் யூனிக்கோடு

நடு இயல்களில் எழுத்து யூனிக்கோடுதான். ஆனால் பிடிஎஃப் சேமித்து வைத்திருப்பது வரைந்த வரிசை. யூனிக்கோடு முறைப்படி 'கெ' என்றால் முதலில் க, அடுத்துக் கொம்பு. பக்கத்தில் கொம்பு இடப்பக்கம் நிற்பதால் பிடிஎஃப் அதை முதலில் எழுதிவிடுகிறது. 'கொ' மூன்று துண்டாகும்: கொம்பு, க, கால். ஸ்கிரீன் ரீடர் கொம்பைத் தனி எழுத்தாகவோ முந்தைய மெய்யோடு ஒட்டியோ படிக்கும்.

கொம்பையும் அதை அடுத்த மெய்யையும் இடம் மாற்று என்று ஒரு கட்டளை போட்டுவிடலாம் என்று தோன்றும். கோப்பு முழுக்கக் காட்சி வரிசையில் இருந்தால் அது வேலை செய்யும். பாதி சரியாகவும் பாதி தவறாகவும் இருந்தால், ஏற்கெனவே ஒழுங்காக இருக்கும் 'கெட' என்ற சொல் 'கடெ' ஆகிவிடும். நோயை எடுத்து நல்ல பகுதிக்குப் பரப்பியதுதான் மிச்சம். அதனால் பத்தி பத்தியாகச் சோதிக்க வேண்டும். சோதனை இதுதான்: இடைவெளிக்குப் பின்னாலோ புள்ளிக்குப் பின்னாலோ கொம்பு நிற்கிறதா? சரியான யூனிக்கோட்டில் அது ஒருநாளும் நடக்காது. நின்றால் அந்தப் பத்தி காட்சி வரிசை, மாற்றலாம். இல்லையென்றால் தொடக் கூடாது. இடம் மாற்றிய பின் ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்தால் ஒகரக் குறி, இரட்டைக்கொம்பும் காலும் சேர்ந்தால் ஓகாரக் குறி என்று ஒன்றாக்கிவிட வேண்டும். இல்லையேல் பார்வைக்கு ஒன்றாகவே தெரியும் 'கொ' இரண்டு வகையாகச் சேமிக்கப்பட்டுச் சில மென்பொருள்களில் தேடும்போது பாதிதான் அகப்படும்.

பின்னிணைப்பு: ஸ்கேன் பக்கங்கள்

இங்கே ஓசிஆர் தவிர வழியில்லை. டெசராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருள், அதன் 4 ஆம் பதிப்பு 2018இல் வந்ததிலிருந்து நரம்பியல் வலையமைப்பு முறைக்கு மாறிவிட்டது. தமிழுக்கு அதன் தரவுக் கோப்பு இலவசம். விண்டோஸுக்குள் இருக்கும் ஓசிஆர் தமிழ் அறியாது என்பதால் என்விடிஏவின் உள்ளமைந்த ஓசிஆர் விசை இங்கே உதவாது. ஒரே ஒரு பக்கம், உடனே வேண்டும் என்றால் கைப்பேசியில் கூகுள் லென்ஸ் போதும். நூலுக்கு அது போதாது.

படம் அங்குலத்துக்கு 300 புள்ளி, சாம்பல் நிற நிலை. எழுத்து பொடியாக இருந்தால் 400. நேரடியாகக் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தால் இகர, ஈகார விசிறிகளின் சுழி அடைபட்டு இரண்டும் ஒன்றாகும். பக்கச் சாய்வை நேராக்க வேண்டும். நூலை நன்றாக அழுத்திப் பிடிக்காவிட்டால் தையல் பக்கத்து வரிகள் வளைந்து, ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தோ கடைசி எழுத்தோ காணாமற்போகும்.

படத்தைச் சுத்தம் செய்யும் மென்பொருள்களில் தூசிப் புள்ளிகளை நீக்கும் வசதி ஒன்று உண்டு. ஆங்கிலப் பக்கத்துக்குப் பெரும்பாலும் கேடில்லை. தமிழில் அது மெய்யெழுத்தின் புள்ளியைத் தூசி என்று எண்ணித் துடைத்துவிடும். 'வந்தான்' 'வநதான' ஆன பக்கத்தை எந்த ஓசிஆரும் காப்பாற்றாது. அந்த வசதியை அணைத்துவிட வேண்டும்; காகிதக் கறை கொஞ்சம் இருந்தாலும் பரவாயில்லை.

தமிழோடு ஆங்கிலத்தையும் சேர்த்து அடையாளம் காணச் சொன்னால், மங்கிய அச்சில் 'ட' எல் ஆகவும் 'ப' யு ஆகவும் போவதுண்டு. ஆங்கிலம் உள்ள பக்கங்களுக்கு மட்டும் இரு மொழி, மற்றவற்றுக்குத் தமிழ் மட்டும் என்று பிரித்து ஓட்டுவது நல்லது. இரண்டு நெடுவரிசையாக அச்சான பக்கத்தை ஒரே நெடுவரிசை என்று அறிவித்து ஓட்டினால் இடது வரியும் வலது வரியும் தைத்துக்கொண்டு வரும். நெடுவரிசை அமைப்புத் தேர்வைப் பக்க வகைக்கு ஏற்ப மாற்ற வேண்டும்.

1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்றால் தனிச் சிக்கல். ணா, றா, னா, ணை, லை, ளை, னை, அவற்றோடு ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆகிய 13 எழுத்துகளும் அப்போது வேறு உருவம். இன்றைய எழுத்துருக்களில் பயின்ற ஓசிஆருக்கு அவை அந்நியம். பழைய அச்சு நிறைய இருந்தால் அந்த வரிகளையே கொடுத்து டெசராக்டை மேற்பயிற்சி செய்வதுதான் தீர்வு. பத்துப் பதினைந்து பக்கம்தான் என்றால் ஆள் வைத்துத் தட்டச்சு செய்துவிடுவது மேல்.

இலக்கணத்தை வைத்து வலை வீசுதல்

இனி மெய்ப்பு. குரலில் கேட்டுத் திருத்தினால் என்ன தப்பும் என்று முதலில் பார்க்கலாம். ஓசிஆர் அடிக்கடி குழப்பும் இணைகளில் ஒன்று ண, ன. மூன்று சுழியும் இரண்டு சுழியும் மங்கிய அச்சில் ஒன்றுபோல் இருக்கும். செயற்கைக் குரலில் இரண்டும் ஏறக்குறைய ஒரே ஒலி. கேட்பவர் தலையாட்டிக்கொண்டே போவார்.

எந்த மெய்யை அடுத்து எது வரலாம் என்று சொல்லும் மெய்ம்மயக்கம் இங்கே கைகொடுக்கிறது. 'ண்' என்பதை அடுத்து 'ற' வராது. எனவே 'ண்ற' என்று கண்டால் அது 'ன்ற'. 'ன்' என்பதை அடுத்துத் தமிழ்ச் சொல்லில் 'ட' வராது. 'ன்ட' என்றால் 'ண்ட'. க், ச், த், ப் நான்கும் தம்மோடுதான் மயங்கும். தமிழ்ச் சொல்லுக்குள் 'க்த', 'ப்க' என்று வந்தால் ஏதோ ஓர் எழுத்து விழுந்திருக்கிறது. 'பக்தி', 'சக்தி' போன்ற வடசொற்களையும் பிறமொழிப் பெயர்களையும் விலக்குப் பட்டியலில் போட்டுவிட்டால் மிச்சம் வருபவை பெரும்பாலும் உண்மைப் பிழைகளே. ரகர, ழகர ஒற்றுகள் இரட்டிக்கா. 'ர்ர', 'ழ்ழ' வந்தால் அதுவும் ஐயத்துக்குரியது.

மொழிமுதல் விதியும் அப்படியே. ண, ழ, ள, ற, ன ஆகிய ஐந்தும் தமிழ்ச் சொல்லின் முதலில் வாரா. ஓசிஆர் உரையில் ஒரு சொல் 'றான்' என்று தொடங்கினால், முந்தைய வரியின் கடைசியில் வெட்டுண்ட சொல்லின் வால் அது. தமிழ் அச்சில் வரிக் கடைசியில் சொல்லை உடைக்கும்போது இணைகோடு போடாமல் விடுவதே பெருவழக்கு என்பதால் இந்தப் பிழை பக்கத்துக்குப் பக்கம் வரும். வரி ந், ங், ஞ் என்ற ஒற்றுகளில் முடிந்தாலும் அதே கதை: 'வாங்' ஒரு வரியில், 'கினான்' அடுத்ததில். ஒட்டிவிடலாம். வெரிந், உரிஞ் என்று இலக்கணம் காட்டும் சொற்கள் இருக்கின்றன. இலக்கண நூலைத் தவிர வேறெங்கும் அவற்றைச் சந்திக்கப் போவதில்லை. இந்தப் பாடநூல் இலக்கணமாகவே இருந்துவிட்டால் மட்டும் எச்சரிக்கை தேவை: 'னகரம்', 'றகரம்', 'ழகரம்' எல்லாம் அங்கே நியாயமாகவே சொல்முதலில் வரும்.

க், ச், த், ப் ஆகியவற்றில் முடியும் வரிகளை இயந்திரத்திடம் விடக் கூடாது. 'படிக்' என்று முடிந்து 'கிறான்' என்று தொடங்கினால் ஒரே சொல். 'அதைக்' என்று முடிந்து 'கண்டான்' என்று தொடங்கினால் இரண்டு சொல், ஒற்று சந்தியால் வந்தது. ஆள் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

விதி எட்டாத இடங்களும் உண்டு. 'ஊர்' 'உளர்' ஆகிவிட்டால் இரண்டும் நல்ல சொற்கள். எழுத்துப் பிழை திருத்தியும் வாய் திறக்காது. 'உள' என்று தொடங்கும் சொற்களை மட்டும் தொகுத்து, உளவியல், உளம் போன்றவற்றைக் கழித்துப் பார்க்கலாம். 'மனம்', 'மணம்' குழப்பத்துக்கு மூலப் படத்தோடு ஒப்பிடும் கண் வேண்டும், அல்லது பிரெய்ல் படிப்பவரின் விரல் வேண்டும். பிரெய்லில் ண, ன இரண்டும் வெவ்வேறு புள்ளிக் கட்டுகள். பிரெய்ல் காட்சிப் பலகை வைத்திருக்கும் ஒருவர் மெய்ப்புக் குழுவில் இருந்தால், குரல் தவறவிடும் எழுத்துப் பிழைகளைப் பொருள் கொண்டு அவரே பிடித்துவிடுவார். இங்கே உரையைப் பிரெய்லாக மாற்றும் லிப்லூயி நிரலகத்தின் தமிழ் அட்டவணை போதும். இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெய்லில் உயிர்க்குறி மெய்க்குப் பின்னால் வருவதால் காட்சி வரிசைப் பிழை தப்பியிருந்தால் அதுவும் விரலுக்கு உடனே தட்டும்.

எழுத்து சரியான பின் நூல் ஆக்குதல்

வேர்டில் இயல் தலைப்புக்குத் தலைப்பு 1, உட்தலைப்புக்குத் தலைப்பு 2 என்ற பாணிகள். தடித்த எழுத்தும் பெரிய அளவும் தலைப்பு ஆகா. என்விடிஏவில் எச் விசையைத் தட்டி இயலுக்கு இயல் தாவ, பாணி இருந்தாக வேண்டும். முழு உரையின் மொழியையும் தமிழ் என்று குறிக்க வேண்டும். ஆங்கிலம் என்று குறி கிடந்தால் தானாக மொழி மாறும் அமைப்பு வைத்திருப்பவரின் கணினி ஆங்கிலக் குரலுக்குத் தாவி, தமிழை விழுங்கிவிடும்.

அடிக்குறிப்பு எண்ணில் ஒரு வில்லங்கம். '1978' என்ற ஆண்டை ஒட்டி மேலெழுத்தாக 3 இருந்தால், வெறும் உரையில் அது 19783. குரல் தயங்காமல் 'பத்தொன்பதாயிரத்து எழுநூற்று எண்பத்து மூன்று' என்று வாசிக்கும். அடிக்குறிப்புகளை வேர்டின் உண்மையான அடிக்குறிப்பாக மாற்ற வேண்டும். நான்கு இலக்கத்துக்கு மேற்பட்ட எண்களை எல்லாம் ஒருமுறை தேடிப் பார்த்துவிட வேண்டும். தமிழ் எண்கள் உள்ள பழைய பக்கங்களில் ௧ என்பதை ஓசிஆர் க என்று எடுத்திருக்கும். அதையும் கூடவே பார்க்கலாம்.

அச்சுப் பக்க எண்களை நீக்குபவர்கள் உண்டு. ஆசிரியர் வகுப்பில் '84ஆம் பக்கம்' என்பார். மாணவர் அங்கே போக வேண்டாமா? எண்ணை உரையின் நடுவில் விடாமல் ஈபப்பின் பக்கப் பட்டியலில் சேர்க்க வேண்டும். செய்யுளுக்கு அடி ஒவ்வொன்றையும் தனிப் பத்தியாக்காமல் ஒரே பத்திக்குள் வரிமுறிவாகப் போட வேண்டும். இல்லையேல் பத்திக்குப் பத்தி தாவுபவருக்கு ஒரு வெண்பா நான்கு துண்டாக வரும். அட்டவணை ஓசிஆரில் நொறுங்கியிருக்கும். தலைப்பு வரிசையோடு மீண்டும் கட்டினால்தான் கண்ட்ரோல், ஆல்ட், அம்பு விசைகளால் கட்டம் கட்டமாக நகர முடியும். படங்களுக்கு விளக்க வரி எழுதுபவர் பாடம் தெரிந்தவராக இருந்தால் நல்லது. 'கல்வெட்டுப் படம்' என்று எழுதிவிட்டுப் போவதால் யாருக்கும் பயனில்லை.

ஈபப் ஆக்க, அணுகத்தக்க நூல்களுக்காக இயங்கும் டெய்சி கூட்டமைப்பின் வேர்டு டு ஈபப் கருவி இலவசம். சோதிக்க அவர்களுடைய ஏஸ் என்ற கருவி இருக்கிறது. ஏஸ் கட்டமைப்பைத்தான் சோதிக்கும், தமிழைச் சோதிக்காது. கடைசிக் கேட்பை இரண்டு குரலில் செய்ய வேண்டும்: என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் ஒன்று, விண்டோஸின் வள்ளுவர் குரல் ஒன்று. வேகமாகப் படிப்பவர்களில் பலருக்கு ஈஸ்பீக்கே பிடித்திருக்கிறது. எந்திரத்தனமாக இருந்தாலும் வேகத்தைக் கூட்டினால் அது கரைவதில்லை.

எம்பி3 ஒலிப்பதிவாக மட்டும் கொடுத்து முடித்துவிடும் வழக்கத்தில் எங்களுக்கு உடன்பாடில்லை. தேர்வுக்குப் படிப்பவருக்கு 'பறவை'யில் எந்த ற என்று எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டியிருக்கும். ஒலிக்கோப்பில் அதற்கு வழியே கிடையாது.

உரிமம் பற்றி ஒரு தயக்கம் எப்போதும் எழும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 52(1) (இசட்பி) பிரிவு, மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்க வடிவில் நூலைப் படியெடுப்பதையும், அவர்களுக்காக இயங்கும் அமைப்புகள் இலாப நோக்கின்றி வழங்குவதையும் அனுமதிக்கிறது. பார்வையற்றோருக்கு நூல்கள் கிடைக்க வகைசெய்யும் மாரக்கேஷ் உடன்படிக்கையை 2014இல் முதலில் ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாதான். பொதுத் தளத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி போடுவதற்கு அந்தப் பிரிவு இடம் தராது. 2016இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா போல, உறுப்பினர் அடையாளம் பார்த்துத் தரும் நூலகம் வழியாக அனுப்புவதே முறை.

ஈபப்பைக் கொடுத்த பிறகும் பிழைத் தகவல்கள் வந்துகொண்டிருக்கும். அவற்றை ஈபப்பில் திருத்தாமல் வேர்டு மூலத்தில் திருத்தி மறுபடி ஈபப் ஆக்க வேண்டும். கண்டுபிடித்த ஒவ்வொரு புது வகைப் பிழைக்கும் ஒரு தேடல் கட்டளை எழுதி, அடுத்த நூலுக்கான கோப்பில் சேர்த்துவிட வேண்டும்.